பங்குனியில் கிளம்பும் காத்து: ஆடி முடியும்வரை நாம் என்ன செய்யலாம்?



மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் நம்ம உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். தென்னை ஓலை சரசரக்கும். தகரக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பினால் பாதிக் கோலத்தைக் காணோம். மூடி வைத்த சோற்றிலும் மண் நறநறக்கும். அன்று கிளம்பும் காத்து, ஆடி முடியும்வரை நம்மை விடுவதில்லை.

புயல் என்றால் ரேடியோவிலும் டிவியிலும் சொல்கிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது முதல் நாளே நமக்குத் தெரியும். ஆனால் இந்தக் கோடைக் காத்துக்குப் பெயர் கிடையாது, தண்டோராவும் கிடையாது. தினமும் வருவதால் நாமும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "காத்துதானே" என்று விட்டுவிடுகிறோம். அதுவோ நாலைந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நம்ம கூரையை, கழனித் தண்ணியை, கண்ணை, சில வருஷம் வீட்டையே கொண்டு போய்விடுகிறது.

யோசித்துப் பாருங்கள். இது நாள் தெரிந்து வரும் விருந்தாளி. எந்த மாசம் வரும் என்று தெரியும். எந்தத் திசையில் வரும் என்று தெரியும். எந்த நேரம் பலமாக வீசும் என்பதும் தெரியும். அப்படியிருக்க, முன்கூட்டியே தயாராக இருக்க நம்மால் முடியாதா? அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

இந்தக் காத்து எங்கிருந்து வருது?

நம் முன்னோர் நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நமக்குக் கோடைக்காலத்தில் மூன்று விதமான காத்து வருகிறது.

முதலாவது கடல் காத்து. வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். சூடான நிலத்தின் மேல் இருக்கும் காற்று லேசாகி மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து காற்று ஓடி வரும். கல்பாக்கம் கடற்கரை நமக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அதனால் கடற்கரை ஊருக்கு முற்பகலிலேயே வரும் காத்து நமக்கு மாலைப் பக்கம்தான் வந்து சேரும்.

இரண்டாவது, கோடை மழைக்கு முன்னால் வரும் புழுதிக் காத்து. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் மேகம் கருத்து இடி இடிக்கும். அந்த மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டி நாலா பக்கமும் பரவும். கொஞ்ச நேரம்தான் வீசும். ஆனால் கூரையைப் பிரிக்கும் பலம் அதற்கு உண்டு. சூடாக இருந்த காத்து திடீரென்று சில்லென்று மாறினால், அடுத்த சில நிமிஷத்தில் அது வருகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது மேல்காத்து. ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அந்த மழையைக் கொண்டு வரும் காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே மழையை அந்தப் பக்கம் கொட்டிவிடும். மலையைத் தாண்டி நம்ம பக்கம் இறங்கும்போது ஈரம் குறைந்து, சூடாகி, வறண்ட காத்தாக வரும். பாலக்காட்டுக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலையைச் சுற்ற வைப்பதும் இதே பருவக் காத்துதான். மேல்காத்து பலமாக இருக்கும் நாளில் கடல் காத்து உள்ளே வர முடியாது. அதனால்தான் அன்று சாயந்திரம்கூட அனல் அடிக்கிறது.

நம்ம பக்கம் ஒரேயடியாக வறண்ட சீமை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். ஆனால் தை பிறந்த பிறகு மழை நின்றுவிடும். ஏரி வற்றி, அடி மண் வெடிக்கும். உழுத கொல்லை காய்ந்து கிடக்கும். காத்து எடுத்து வரும் புழுதி பெரும்பாலும் இந்த இரண்டு இடத்து மண்தான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். விடியற்காலையில் காத்து அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். நடுப்பகலிலிருந்து சாயந்திரம்வரைதான் பலம். நம் வேலைகளை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்பதற்கு இதுதான் கணக்கு.

முதல் பயம் தீ

சில வருஷத்துக்கு முன்னால் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

வைகாசி மாசம், மதியம் இரண்டு மணி இருக்கும். உறுப்பினர் ஒருவர் வெளி அடுப்பில் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டு, சாம்பலை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினார். மேலே பார்க்க வெறும் சாம்பல்தான். உள்ளே கங்கு இருந்தது. மேல்காத்து அதை ஊதி ஊதிப் பற்றவைத்து, எரிந்த சருகைப் பக்கத்து வீட்டுக் கீற்றுக் கூரையில் கொண்டுபோய்ப் போட்டது. அரை மணி நேரத்தில் நாலு வீடு போய்விட்டது. எல்லாரும் வெளியே இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அரிசி, துணிமணி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கருகின. அந்த நாலு வீட்டில் ஒன்று ஊக்குநருடைய வீடு. குழுவின் தீர்மானப் புத்தகமும் வரவு செலவு நோட்டும் அங்கேதான் இருந்தன. உறுப்பினர்கள் கையில் இருந்த தனிநபர் பாஸ்புத்தகங்களையும் வங்கிக் கணக்கையும் வைத்துத்தான் சேமிப்புக் கணக்கைத் திரும்ப எழுத முடிந்தது.

அதைவிடக் கஷ்டம் ஒன்று நடந்தது. சாம்பல் கொட்டியவர் மூன்று மாசம் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. "என் கையாலதானே போச்சு, எந்த முகத்தை வெச்சிக்கிட்டு வர்றது" என்று அழுதார். வீடு இழந்தவர்களுக்கும் மனசு ஆறவில்லை. கடைசியில் ஒரு நாள் குழுவே அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. வீடு இழந்த ஒரு அம்மாதான் முதலில் பேசினார்: "நானும் அந்தக் குழியிலதாம்மா தினம் சாம்பலைக் கொட்டினேன். அன்னிக்கு உன் கை, இன்னொரு நாளு என் கையா இருந்திருக்கும். எழுந்து வா."

அந்தக் குழு அன்றே ஒரு தீர்மானம் போட்டது: பங்குனி முதல் ஆடி வரை யார் வீட்டிலும் தண்ணீர் ஊற்றாமல் சாம்பலை வெளியே கொட்டக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீர்தான் செலவு.

இதையெல்லாம் நாம் செய்யலாம்:

- வெளி அடுப்புச் சமையலைக் காத்து கிளம்பும் முன்னால், காலையிலேயே முடித்துக்கொள்வோம். அடுப்புக்கு மேற்குப் பக்கம் மண் சுவர் தடுப்பு வைப்போம். கீற்றோ சாக்கோ தடுப்பாகக் கட்ட வேண்டாம், அதுவே பற்றிக்கொள்ளும்.
- சமைக்கும்போது நைலான், பாலியஸ்டர் சேலையைவிடப் பருத்திச் சேலை நல்லது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.
- வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போட வேண்டாம். முக்கியமாக வீட்டுக்கு மேற்கே வேண்டாம். தீப்பிடித்தால் பொறி நேராகக் கூரைக்கு வரும்.
- கரும்புத் தோகையையும் குப்பையையும் காத்து நாளில் கொளுத்தக் கூடாது. பீடித் துண்டை எங்கே போடுகிறார்கள் என்று வீட்டு ஆண்களிடமும் கேட்போம்.
- மரக்கிளை மின்கம்பியில் உரசினால் நாமே தொரட்டி போட்டு இழுக்க வேண்டாம். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்வோம். அறுந்து விழுந்த கம்பிக்கு அருகே யாரையும் விட வேண்டாம்.
- தெருவுக்கு ஒரு இடத்தில் தண்ணீர் டிரம், மணல் வாளி, எரியும் கீற்றை இழுத்துப் போட நீளமான தொரட்டி வைப்போம். தீயணைப்பு வண்டி வருவதற்குள் கீற்றுக் கூரை எரிந்து முடிந்துவிடும். முதல் சில நிமிஷம் நம் கையில்தான்.

தீப்பிடித்தால் முதலில் குழந்தைகள், வயதானவர்கள், அப்புறம் மாட்டின் கயிறை அறுப்பது. வெளியே வந்தவர் பொருளை எடுக்கத் திரும்ப உள்ளே போகவே கூடாது. 101 அல்லது 112க்குப் போன் செய்ய வேண்டும். சேலையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் உருள வேண்டும். தீக்காயத்தில் இங்க், மாவு, எண்ணெய் எதுவும் தடவாமல் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றிவிட்டு 108ஐக் கூப்பிடுவோம்.

குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வாசல் பக்கம் கைக்கெட்டும் இடத்தில் மாட்டிவையுங்கள். நகல் ஒன்று ஓட்டு வீட்டிலோ மாடி வீட்டிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும். குழுவின் நோட்டுகளும் கீற்று வீட்டில் இருக்க வேண்டாம்.

கூரையைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது

காத்து கூரையைத் தள்ளிவிடும் என்று நினைத்துப் பாரம் வைக்கிறோம். உண்மையில் காத்து கூரைக்கு மேலே வேகமாக ஓடும்போது கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. அதே நேரம் மேற்குக் கதவு திறந்திருந்து மற்ற பக்கம் மூடியிருந்தால், உள்ளே புகுந்த காத்தும் கீழிருந்து தள்ளும். குடைக்குள் காத்து புகுந்தால் எப்படி எழும்புகிறதோ அப்படித்தான்.

அதனால் பலமான காத்தில் காத்து வரும் பக்கத்துக் கதவு, சன்னலை மூடுங்கள். எதிர்ப் பக்கம் ஒரு சன்னல் திறந்திருக்கலாம். தகரம், சிமென்ட் ஷீட் போட்டவர்கள் சித்திரைக்கு முன்னால் ஒரு தடவை கொக்கி ஆணிகளைப் பாருங்கள். துருப்பிடித்ததை மாற்ற ஆகும் செலவு சின்னது, பறந்த ஷீட்டை வாங்கும் செலவு பெரியது. ஓரத்து ஷீட்தான் முதலில் எழும்பும், அங்கே கூடுதல் கட்டு வேண்டும். கூரை மேல் கல்லும் உடைந்த அம்மியும் வைக்காதீர்கள். சரிந்தால் கீழே விளையாடும் பிள்ளை தலையில்தான் விழும். இரண்டு மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி, கூரையின் இரு பக்கமும் தொங்கும்படி போட்டால் நகராது.

உடம்பு தெரியாமலே காயும்

ஈரத் துணியைக் காத்தில் போட்டால் சீக்கிரம் காய்கிறது அல்லவா? நம்ம உடம்பு வேர்வையும் அப்படித்தான். காத்து அடிக்கும் நாளில் வேர்வை வந்ததும் காய்ந்துவிடுவதால் "இன்னிக்கு வேர்க்கவே இல்லை" என்று நினைக்கிறோம். தாகமும் பெரிதாகத் தெரியாது. ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் கழனி வேலை செய்யும் சகோதரிகள் நம்மில் நிறைய பேர். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ எரிச்சலாகவோ போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தாகத்துக்குக் காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். உப்புப் போட்ட மோர், கேழ்வரகுக் கூழ், நீராகாரம் எல்லாம் நல்லவை. தலைசுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம், நினைவு தப்புதல் இருந்தால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, விசிறிவிட்டபடியே 108க்குச் சொல்ல வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கண்ணில் தூசி விழுந்தால் கசக்காதீர்கள். கசக்கினால் மணல் கருவிழியைக் கீறிவிடும். சுத்தமான தண்ணீரில் கண்ணைத் திறந்து திறந்து மூடுங்கள். நாக்கால் எடுப்பது, எண்ணெய், தாய்ப்பால் விடுவது வேண்டாம். உறுத்தல் தீராவிட்டாலோ பார்வை மங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீசிங் உள்ளவர்கள் தூற்றும்போதும் பெருக்கும்போதும் மூக்கு, வாயை ஈரத் துணியால் கட்டிக்கொள்ளலாம். வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் எல்லாருக்கும் நல்லது.

கழனியும் கொல்லையும்

துணி காய்வது போலத்தான் நிலமும் காயும். நடுப்பகல் காத்தில் பாய்ச்சும் தண்ணீரில் ஒரு பங்கு பயிருக்குப் போகாமல் காத்தோடு போகிறது. சாயந்திரமோ விடியற்காலையோ பாய்ச்சினால் அதே தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும். சொர்ணவாரி நாற்றங்காலையும் காய்கறிப் பாத்தியையும் இந்த நாட்களில் தினமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கத்தரி, மிளகாய்ப் பாத்தியில் வைக்கோலோ காய்ந்த இலைச் சருகோ பரப்பிவைத்தால் ஈரம் காக்கும், மண்ணும் பறக்காது. நெல் பூக்கும் சமயத்தில் சூட்டுக் காத்து அடித்தால் பதர் அதிகமாகும். அந்தச் சில நாள் மட்டும் வயலில் தண்ணீர் குறையவிடாதீர்கள்.

குலை தள்ளிய வாழைக்குக் காத்து வந்த பிறகு முட்டுக் கொடுத்துப் பயனில்லை. முன்கூட்டியே சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்து, அடியில் மண் அணையுங்கள். பூச்சி மருந்தைக் காத்து நேரத்தில் அடிக்கவே கூடாது. பாதி மருந்து அடிப்பவர் முகத்துக்கும், பக்கத்தில் களை எடுக்கும் பெண்களுக்கும்தான் போகும்.

காத்துக்கு வேலி போடலாம்

காத்தை நிறுத்த முடியாது, ஆனால் மட்டுப்படுத்த முடியும். காத்து வரும் பக்கத்தில் மரங்களை வரிசையாக வளர்த்தால், மர உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காத்தின் வேகம் நன்றாகக் குறையும். 20 அடி மரம் என்றால் சுமார் 200 அடிக்குக் காவல். கல்சுவர் போல அடைப்பாக இருப்பதைவிடக் கொஞ்சம் காத்து ஊடுருவும் மர வேலியே மேல். சுவரைத் தாண்டும் காத்து பின்னால் சுழன்று விழும், மரம் அதை வடிகட்டி அனுப்பும்.

மேற்கு, தென்மேற்குப் பக்கத்தில் வெளி வரிசையாக ஆடு கடிக்காத நொச்சி, ஆடாதோடை. அதற்குள்ளே புங்கன், வேம்பு. உள் வரிசையில் சவுக்கு. ஏரிக்கரையில் பனை விதை. சீமைக் கருவேல் வேண்டாம். முறியும் முருங்கையைக் கூரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே எதுவும் வேண்டாம். இப்போது நட்டால் கன்று காயும். ஆடியில் குழி எடுத்து, ஐப்பசி மழையில் நட்டால்தான் அடுத்த பங்குனிக்குள் வேர் பிடிக்கும். சவுக்கு நாலைந்து வருஷத்தில் கழியாகப் பணமும் தரும். ஆனால் ஒரே தடவையில் வெட்டிவிடாமல் ஒரு வரிசை எப்போதும் நிற்க வேண்டும்.

இது பெண்களால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆப்பிரிக்காவில் கென்யா என்ற நாட்டில் வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி 1977ல் கிராமப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, நாற்று வளர்க்கவும் வரிசை வரிசையாக நடவும் ஓர் இயக்கம் தொடங்கினார். நட்டதற்கு அல்ல, பிழைத்த கன்றுக்குத்தான் குழுவுக்குச் சிறு தொகை. அந்த இயக்கம் இதுவரை 5 கோடிக்கும் மேல் மரம் வைத்திருக்கிறது. 2004ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்களும் நம்மைப் போல விறகுக்கும் தண்ணிக்கும் நடந்தவர்கள்தான்.

காத்தால் நன்மையும் உண்டு

நெல், உளுந்து தூற்ற இதைவிட நல்ல காத்து கிடையாது. வத்தல், வடகம், புளி எல்லாம் சீக்கிரம் காயும். விற்பனைக்கு வடகம் போடும் குழுக்கள் மாடியில் கட்டில் மேல் வைத்து, மெல்லிய வேட்டித் துணியால் மூடி, ஓரத்தில் கல் வைத்துக் காய வையுங்கள். வடகத்தில் மண் கடித்தால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார். காலையில் பிழிந்து, புழுதி கிளம்பும் பிற்பகலுக்குள் உள்ளே எடுத்துவிடலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

கூரைக் கட்டு அவரவர் வீட்டு வேலை. ஆனால் தீக்கு வேலி கிடையாது. ஒரு வீட்டுச் சாம்பல் நாலு வீட்டை எடுத்ததைப் பார்த்தோம். மரவரிசையும் ஒரு வீட்டால் ஆகாது. இவற்றுக்குத்தான் குழு இருக்கிறது. வரும் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்த பிறகு இந்த ஐந்தையும் எடுத்துப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதா, யார் பார்ப்பது?
2. தண்ணீர் டிரம், மணல், தொரட்டி எந்த இடத்தில், யார் பொறுப்பில்?
3. குழு நோட்டுகள் இப்போது யார் வீட்டில், அது என்ன கூரை?
4. கூரை பழுதுபார்க்கச் சின்னக் கடன் யாருக்கு உடனே தேவை? தனியாக இருக்கும் வயதான அம்மாக்களின் கூரையை யார் கட்டித் தருவது?
5. ஐப்பசியில் மரம் நட எந்த இடத்தை ஊராட்சியிடம் கேட்பது?

நம்ம உத்திரமேரூர் சாதாரண ஊர் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று குழு போட்டுப் பொதுக் காரியத்தைப் பார்த்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் அது கல்வெட்டாக இருக்கிறது. அந்தக் குடத்தில் போட்ட ஓலைகளில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. இன்று ஒவ்வொரு தெருவிலும் நம் பெயர் எழுதிய தீர்மானப் புத்தகம் இருக்கிறது.

காத்து அதன் வேலையைச் செய்யும். நாம் நம்ம வேலையைப் பங்குனியிலேயே முடித்து வைப்போம். உங்கள் குழு என்ன தீர்மானம் போட்டது என்று கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் சொல்லுங்கள். மற்ற குழுக்களுக்கும் அது உதவும்.